குனிந்த தலை நிமிராத மேஸ்திரி

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். அப்பாவை அம்பத்தூர் பக்கம் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், டாக்டரிடம் காட்டிவிட்டு, கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

ஆட்டோ பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதனால் எதையும் சும்மா செய்ய வராது. ரிப்போர்ட், மருந்து, தண்ணீர் பாட்டில், இன்னொரு தண்ணீர் பாட்டில், குடை என்று பையை நிரப்பிவிட்டு, எதையோ மறந்துவிட்டேன் என்ற கவலையோடு கிளம்பினேன்.

மறந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஆடி வெள்ளி.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டட மேஸ்திரி. பல வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை கண்ணுக்குப் போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. நானே சொல்லியிருக்கிறேன்.

"நாக்குல போடறது வயித்துக்குத்தானே போவுது. கண்ணாண்ட அதுக்கு இன்னா வேல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வேலை இருந்தது. வலது கண் எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. எதிரில் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று மட்டும் தெரியும். இடது கண்ணை வைத்துக்கொண்டுதான் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். அதற்குள்ளும் ஒரு நாள் ரத்தம் கசிந்து, கறுப்பு மை கொட்டினாற்போல் ஆகிவிட்டது. விழித்திரையும் ஒரு பக்கம் பிய்ந்து விலகியிருந்தது.

போன வாரம்தான் ஆபரேஷன். உள்ளே இருந்த ரத்தத்தை எடுத்து, லேசர் வைத்து, கடைசியில் கண்ணுக்குள் கேஸ் அடைத்திருந்தார்கள். அந்தக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டுமென்றால் அப்பா முகத்தைத் தரையைப் பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும், நடந்தாலும், படுத்தாலும்.

டாக்டர் படம் வரைந்து விளக்கியதை நான் புரிந்துகொள்வதற்குள் அப்பா புரிந்துகொண்டார்.

"சென்ட்ரிங்குக்கு முட்டுக் குடுக்குறாப்பல சார். காங்கிரீட்டு காயற வரைக்கும் எட்க்கக் கூடாது. அத்தானே?"

"அதேதான்" என்றார் டாக்டர். என்னிடம் அவர் அப்படி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் என் வேலை அப்பாவின் தலையைக் கண்காணிப்பது. சாப்பாட்டு மேசையில் தலையணை வைத்து, அதில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். டிவியில் ஏதாவது சத்தமாகக் கேட்டால் தலை தானாக எழும்பும். "அப்பா, தல" என்பேன். இறங்கும். அவர் தூங்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வலது கண்ணிலும் ஏதோ சொட்டு விட்டு, கண்மணியைப் பெரிதாக்கி, இரண்டையும் பார்த்தார்கள்.

"விழித்திரை நல்லா ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர். "கேஸ் இன்னும் இருக்கு. இன்னொரு வாரம் இதே மாதிரி குனிஞ்சே இருக்கட்டும். தலைக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். ஒரு சொட்டுகூடக் கண்ணுல படக் கூடாது. இந்த நேரத்துல இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாம போயிடும்."

"ஒரு சொட்டுன்னா, சின்ன சொட்டு பட்டா?"

"படக் கூடாது."

"மழைத் தூறல்?"

"அதுவும் தண்ணிதாம்மா."

"வியர்வை?"

டாக்டர் மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். இடது கண்ணில் குமிழி. வலது கண்ணில் சொட்டு மருந்தின் மங்கல். ஆக, அவருக்கு உலகத்தில் அப்போது தெரிந்தது அவர் செருப்பு இருக்கும் திசை மட்டும்தான்.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, நைனாவுக்கு வாந்தி வர்ற மாரி கீதா? சொல்லிடு, ஓரங்கட்டுறேன். நேத்துதான் சீட்டு மாத்தினேன்."

"வாந்தி இல்லண்ணே. கண் ஆபரேஷன். குனிஞ்சே இருக்கணும்."

"கண்ணுக்கா? குனிஞ்சா கண்ணு கீழ வுழுந்துடாது?"

அப்பா குனிந்தபடியே, "நீ ரோட்டப் பார்த்து ஓட்டு அண்ணாத்தே. பள்ளத்துல வுட்டா நீ சொன்னது நடந்துரும்" என்றார்.

ஆவடி தாண்டி, கோவில்பதாகைக்குள் திரும்பியதும் ஆட்டோ நின்றுவிட்டது. எதிரில் பந்தல். தோரணமாக வேப்பிலை. மைக் செட்டில் அம்மன் பாட்டு. பெரிய பெரிய அண்டாக்களில் கூழ். தெரு முழுக்க மஞ்சள் புடவை.

"இதுக்கு மேல வண்டி போவாதும்மா. எறங்கிக்கோ" என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் வீடு பந்தலுக்கு அந்தப் பக்கம். சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் அந்தத் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். கண் தெரியாத அப்பாவைப் பள்ளத்து வழியாகக் கூட்டிப்போவதா, அம்மன் வழியாகக் கூட்டிப்போவதா என்று யோசித்து, அம்மன் வழிதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தேன்.

எனக்கு முடிவெடுக்கும் திறமை எவ்வளவு என்பது இங்கேதான் தெரிகிறது.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். அவர் தலையைத் தொங்கப் போட்டபடி, தரை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு காலாகத் தடவித் தடவி வைத்து வந்தார். மேல்சட்டையில் முதல் பொத்தான் இல்லை. ஒரு வாரமாகத் தலை குளிக்காததால் முடி நாலா பக்கமும் நின்றது. வெயிலில் அவருக்குக் கொஞ்சம் தள்ளாட்டமும் இருந்தது.

இந்தக் காட்சியை நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் நோயாளி என்று சொல்வீர்கள். ஆடி வெள்ளிக்கிழமை, அம்மன் பந்தலில், பம்பைச் சத்தத்துக்கு நடுவில் பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

பம்பை வாசிப்பவர் பார்த்துவிட்டார்.

அவர் வெளியூர்க்காரர். திருவிழாவுக்காக அழைத்து வரப்பட்டவர். அப்பாவை அவருக்குத் தெரியாது. ஆனால் குனிந்த தலையும் தடுமாறும் காலும் தெரியும். அது அவர் தொழில். நேராக வந்து அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பம்பையை வைத்து ஒரு உருட்டு உருட்டினார்.

அப்பா திடுக்கிட்டு வலது பக்கம் இரண்டடி நகர்ந்தார்.

பம்பையும் வலது பக்கம் வந்தது.

அப்பா இடது பக்கம் நகர்ந்தார். பம்பை இடது பக்கம் வந்தது. அவர் பின்னால் போனார், அது முன்னால் வந்தது. பம்பைக்காரர் அப்பாவை ஆட வைக்கிறாரா, அப்பா பம்பைக்காரரிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறாரா என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு அது ஆட்டமாகத்தான் தெரிந்தது. சொல்லப்போனால் தாளம் தப்பவில்லை.

"வந்துட்டாடா" என்றது ஒரு குரல். யாரோ அப்பாவின் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள்.

"பாப்பா, இன்னாத்த குடுக்குறாங்க?" என்றார் அப்பா.

"வேப்பிலைப்பா. கீழ போட்டுடுங்க."

"வேப்பிலைய எப்படிக் கீழ போட்றது. பாவமில்ல?"

பிடித்துக்கொண்டார். முடிந்தது கதை.

விழாக் கமிட்டியின் தணிகாசலம் மாமா ஓடி வந்தார். அம்மாவுக்கு அண்ணன் முறை. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர். எனக்கு மூச்சு வந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ஆபரேஷன் ஆனதாலதான் அப்பா குனிஞ்சிருக்காரு. சாமி இல்ல."

மாமா என்னைக் கனிவோடு பார்த்தார்.

"ஆபரேசன் பண்ணாங்க சரி. கண்ணு குடுக்குறது யாரும்மா? ஆத்தா. குடுத்தோமே ஒழுங்கா கீதான்னு அவளே பார்க்க வந்துகீறா."

டாக்டருக்கு ஃபாலோ அப் என்றால் ஒரு வாரம் கழித்து. ஆத்தாவுக்கு அன்றைக்கே.

மாமா அப்பாவின் முன்னால் கைகூப்பி நின்றார். "வந்துகீறது யாரு? சொல்லு தாயே."

"யோவ் தணிகாசலம், நாந்தான்யா. மேஸ்திரி."

"மேஸ்திரி வாயால பேசுறா" என்று மாமா கூட்டத்துக்கு விளக்கினார். "எதுக்கு தாயே தலையக் குனிஞ்சுகினு கீறே? ஊர் மேல இன்னா கோவம்?"

"கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. தல தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே டாக்டர் பேச்சக் கேக்குறா பார்த்தியா. எங்க ஊட்டுக்காரரு கேக்க மாட்டேங்குறாரு."

எந்தக் கேள்விக்கும் அப்பா உண்மையைத்தான் சொன்னார். உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்துப் பட்டதாரியாகிய நானும் ஒவ்வொரு வரியாக விளக்கிக்கொண்டிருந்தேன். உண்மைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எது சொன்னாலும் அது ஆத்தா சொன்னதாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இதுவரை சிரிப்புதான். பிறகு மாமா கையை உயர்த்தி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மஞ்சத் தண்ணி கொண்டாங்க. ஆத்தா உக்கிரமா கீறா."

அப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சாமி வந்தவர் தலையில் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தெரியும் உங்களுக்கு. அது லாரித் தண்ணீர். காலையிலிருந்து அண்டாவில் நின்று, வேப்பிலை ஊறி, நூறு கை விழுந்த தண்ணீர். அது உச்சந்தலையில் விழுந்து நேராக எங்கே ஓடும்? ஒரு வாரத்துக்கு முன்னால் ஓட்டை போட்டு, தைத்து, கேஸ் அடைத்து வைத்திருக்கும் கண்ணுக்கு. இருக்கிற ஒரே கண்.

"ஊத்தாதீங்க" என்று கத்தினேன். பம்பையில் எனக்கே கேட்கவில்லை.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு அக்கா பித்தளைக் குடத்தோடு வந்தார். ஐடி கம்பெனியில் வேலை. தினமும் காலையில் அடையாள அட்டை தொங்க, கம்பெனி வண்டிக்கு நிற்கும்போது பார்ப்பேன். படித்தவர், புரிந்துகொள்வார் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"அக்கா, ப்ளீஸ். ரெட்டினா சர்ஜரி ஆகியிருக்கு. தண்ணி பட்டா இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்."

"மஞ்சள்ல ஆன்டிசெப்டிக் இருக்கு சிஸ்டர்" என்றார் அவர். "இப்போ எல்லாரும் ரிசர்ச் பண்ணி ஒத்துக்கிட்டாங்க."

படித்தவர்களிடம் இதுதான் பிரச்சினை. காரணமும் வைத்திருப்பார்கள்.

குடம் உயர்ந்தது. பையில் குடை இருக்கிறது. இரண்டு தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்க நேரமில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் இருந்த பெரிய பிளாஸ்டிக் உறையை அப்பாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவர் முதுகின் மேல் குனிந்து மறைத்துக்கொண்டேன். எனக்குப் பயம் வந்தால் உடம்பு நடுங்கும். காலேஜில் வைவா பரீட்சை நேரத்திலேயே நடுங்கும். அன்றைக்குத் தலை முதல் கால் வரை உதறியது. பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. "வேணாம், வேணாம்" என்று நான் வீறிட்டது மட்டும் பம்பையை மீறிக் கேட்டுவிட்டது.

பம்பைக்காரர் திரும்பினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். வாழ்க்கையில் யாரும் என் திறமையை அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டதில்லை.

"பொண்ணுக்கும் வந்துட்டா" என்றார் தணிகாசலம் மாமா, குரல் தழுதழுக்க. "ஒரே ஊட்ல ரெண்டு பேருக்கு."

"சின்னவதான் உக்கிரமா கீறா. அவளுக்கு மொதல்ல ஊத்துங்க" என்றது கூட்டம்.

முதல் குடம் என் தலையில் விழுந்தது.

அந்தக் குளிரிலும் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. நான் நடுங்கும் வரைக்கும் தண்ணீர் என் மேல்தான் விழும். நான் நிறுத்தினால் அடுத்த குடம் அப்பாவுக்கு.

நான் பொய் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதற்காகவே என்னை யாருக்கும் பிடிக்காது. அன்றைக்கும் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே நடுங்கியது, நடுங்கினேன். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தள்ளி உட்காரவைத்துவிட்டு, இரண்டடி நகர்ந்து நின்று நடுங்கினேன். இரண்டாவது குடம். மூன்றாவதை அந்த ஐடி அக்காவே ஊற்றி, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் செல்ஃபோனைக் கொடுத்து எங்களை வீடியோ எடுக்கச் சொன்னார்.

"பாப்பா, இன்னா ஆவுது? யார் மேல தண்ணி ஊத்துறாங்க?" என்று நாற்காலியிலிருந்து அப்பா கேட்டார்.

"என் மேலப்பா. நீங்க தலையத் தூக்காதீங்க."

"தூக்கல. உனுக்கு சளி புடிச்சிக்குமேம்மா."

அந்த நேரம் பார்த்து என் செல்ஃபோனில் அலாரம் அடித்தது. அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். நேரம் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் இந்த நிலைமையில் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள். நான் என் கையைப் பார்த்தேன். மஞ்சள், வேப்பிலைத் துணுக்கு, குங்குமம். இந்தக் கையால் கண்ணைத் தொட முடியாது.

"சோப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

தணிகாசலம் மாமா ஒரு நொடி திகைத்தார். அவர் அனுபவத்தில் ஆத்தா எலுமிச்சம்பழம் கேட்டிருக்கிறாள், சாராயம் கேட்டிருக்கிறாள், சேவல் கேட்டிருக்கிறாள். பிறகு சுதாரித்து மைக்கைப் பிடித்தார்.

"ஆத்தா சோப்பு கேக்குறா. கடை வெச்சிருக்கறவங்க சீக்கிரம் ஒரு சோப்பு கொண்டாங்க."

மூன்று வந்தன. ஒன்று சந்தன சோப்பு. மினரல் வாட்டரில் கையைக் கழுவி, அப்பாவின் தலையை ஒரு கணம் மட்டும் நிமிர்த்தி, இமையைக் கீழே இழுத்து ஒரு சொட்டு விட்டேன். கண் காய்ந்துதான் இருந்தது. உயிர் வந்தது. திரும்பினால், வரிசையாக உள்ளங்கைகள் நீண்டிருந்தன.

"இது தீர்த்தம் இல்லைங்க. ஸ்டீராய்டு."

"எதுவா இருந்தா இன்னா தாயே. ஒரு சொட்டு வுடு."

மூடியை இறுக்கி மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆனாலும் நாங்கள் அங்கிருந்து நகர முடியவில்லை. பெரியவள் இன்னும் தலை குனிந்தே இருக்கிறாள் என்று மாமா கவலைப்பட்டார். சின்னவளுக்கு ஊற்றியாயிற்று, பெரியவளுக்கு ஊற்றாமல் அனுப்பினால் குற்றமாகிவிடும். இன்னொரு குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கோ நடுங்கத் தெம்பில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். கையில் கூழ் வாங்கும் தூக்கு.

அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. நாற்காலியில் வேப்பிலையோடு புருஷன். சொட்டச் சொட்ட மஞ்சளாக மகள். தயாராக ஒரு குடம். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். நான் விளக்க வாயைத் திறந்தேன். கண்ணாலேயே அடக்கினாள். தூக்கைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"அண்ணே, தண்ணி வேணாம்" என்றாள் மாமாவிடம். "வாக்கு கேளுங்க. வாக்கு குடுத்தாள்னா மலையேறிடுவா."

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பம்பை நின்றது.

"தாயே," என்றாள் அம்மா, மைக் தேவைப்படாத குரலில். "எங்க ஊட்டுக்காரரு டீல சக்கர போட்டுக் குடிக்கலாமா, கூடாதா? ஊர் முன்னாடி சொல்லு."

அப்பாவின் கையில் வேப்பிலை அசைவது நின்றது.

"அடியே" என்றார் மெதுவாக.

"சொல்லு தாயே. சொல்லிட்டு மலையேறு. இல்லாங்காட்டி தண்ணி ரெடியா கீதாம்."

எனக்குத் தெரிந்து என் அப்பா யாரிடமும் அவ்வளவு நேரம் பேரம் பேசாமல் இருந்ததில்லை.

"கூடாது" என்றார்.

"ஸ்வீட் கடையாண்ட நிக்கலாமா?"

"கூடாது."

"சோறு ரெண்டாவது தபா போட்டுக்கலாமா?"

"கொஞ்சமா..."

"கொஞ்சமாவா, கூடாதா?"

"கூடாது."

"மாத்திரை?"

"முழுங்கணும்."

"தெனம்?"

"தெனம்" என்றார் அப்பா. நொந்துபோன குரலில் வந்ததாலோ என்னவோ, அது தெய்வ வாக்கு மாதிரியே இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

தணிகாசலம் மாமா உருகிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "தாயே, எனக்கும் சக்கர கீது. எனக்கு எதுனா வாக்கு சொல்லு."

இங்கேதான் அப்பாவுக்கு விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்தபடியே குரலை உயர்த்தினார்.

"உனுக்கு தனியா வேற சொல்லணுமா? எல்லாம் அதேதான்டா. நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டு. நல்லாத்தானே தெரியுதுன்னு சொல்லிகினு கெடக்காத. தெரியும். தெரிஞ்சிகினே கீறப்போ ஒரு நாளு தெரியாம பூடும். இங்க சக்கர கீறவன்லாம் எவன்டா? கையத் தூக்குங்க."

ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஆனால் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் மாதிரி, கூட்டத்தில் பாதிப் பேர் மெல்ல நழுவினார்கள். வழி கிடைத்தது. மாமா கற்பூரம் காட்ட, அம்மா கூழைத் தூக்கில் வாங்கிக்கொள்ள, அப்பா குனிந்த தலை நிமிராமல் மலையேறி வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியாது.

"சிஸ்டர், மஞ்சள் தண்ணி ஊத்திட்டாங்க. மூணு குடம்."

"ஐயோ, கண்ணுல பட்டுச்சா?"

"பட்டுச்சு. ரெண்டு கண்ணுலயும்."

"அவரை உடனே கூட்டிட்டு வாங்கம்மா."

"அவருக்கு இல்ல சிஸ்டர். என் கண்ணுல."

"நீங்க குனிஞ்சிருக்க வேண்டாம்மா. முகம் கழுவிட்டுத் தூங்குங்க" என்றார்.

எனக்கு நாலு நாள் சளி. அப்பாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

தலை நிமிரலாம் என்று சொன்ன அன்றைக்கு அப்பா செய்த முதல் வேலை, டீக்கடைக்குப் போனது. பத்திரத்துக்கு நானும் பின்னாலேயே போனேன். டீ மாஸ்டர் பயபக்தியோடு ஒரு கிளாஸை நீட்டினார். அப்பா ஒரு வாய் குடித்தார்.

"இன்னாய்யா, சக்கரையே இல்ல?"

"ஊர் முன்னாடி ஆத்தா சொன்னது மேஸ்திரி. நான் புள்ளகுட்டிக்காரன்."

"யோவ், அது ஆத்தா இல்லய்யா. நாந்தான் சொன்னேன்."

"நீதான் சொன்னியா? அப்போ நீ சொன்ன மாரிதானே போட்டுக் குடுத்துகீறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். ஆமாம், பார்த்தார். இடது கண்ணால், சுருங்கிப்போன குமிழிக்கு மேலாக, தெளிவாக, என் முகத்தில் இருந்த சிரிப்பு வரைக்கும். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். வேறு எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான் என்று அந்த வாரத்துக்குள் அவரே தெரிந்துகொண்டார்.

அடுத்த செக்கப்பில் அப்பா சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளில் மேலேயிருந்து நாலு வரி வாசித்தார். கேஸ் முழுசாகக் கரைந்துவிட்டிருந்தது. விழித்திரை இடத்திலேயே இருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"சர்க்கரை நல்லா கட்டுக்குள்ள வந்திருக்கே. எந்த டயட்டீஷியன்கிட்ட காட்டினீங்க?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

"எங்க ஊர்ல ஒரு அம்மா சார்" என்றார். "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

தணிகாசலம் மாமாவும் கண்ணைக் காட்டிவிட்டார். அவருக்கும் உள்ளே கசிவு ஆரம்பித்திருந்ததாம். நேரத்துக்கு வந்ததால் ஊசியோடு நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அந்தச் சேதியை ஊர் முழுக்கச் சொன்னதில்தான் வந்தது வினை.

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நிற்கிற கூட்டம்தான் குறையவில்லை.